மேலே செல்லும் தரவு, கீழே வராத மருந்து

2024 மார்ச் 18 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் மத்திய காசநோய்ப் பிரிவு மாநில அரசுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. காசநோய் மருந்துகளின் வரத்து தாமதமாகும் என்பதால், மூன்று மாதத் தேவைக்கான மருந்துகளை மாநிலங்களே உள்ளூர் அளவில் கொள்முதல் செய்துகொள்ள வேண்டும் என்றது அக்கடிதம். மாவட்ட மருத்துவ நிலையங்களால் மருந்து வழங்க இயலாவிட்டால், நோயாளிகள் வாங்கிய மருந்துக்கான தொகையைப் பின்னர் திருப்பித் தரலாம் என்றும் அது யோசனை கூறியது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாடு இது. 2025ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழித்துவிடுவோம் என்று 2018இல் பிரதமர் அறிவித்த நாடும் இதுவே.

இந்த நாட்டில் காசநோய் பற்றிய தரவுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. ‘நிக்‌ஷய்’ என்னும் இணையதளம் 2012 முதல் இயங்கி வருகிறது. நோயாளியின் பெயர், முகவரி, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, பரிசோதனை முடிவு, சிகிச்சை தொடங்கிய நாள் என யாவும் அதில் பதிவாகின்றன. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், அடுத்த மூன்று மாதங்களுக்கு எவ்வளவு மருந்து தேவைப்படும் என்பதைத் தில்லியில் அமர்ந்தபடியே கணக்கிட முடியும். தேவை எவ்வளவு என்பது கணினிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மருந்தகத்தில் மாத்திரை இல்லை. காசநோய் சிகிச்சையில் சில நாட்கள் மருந்து தடைப்பட்டாலும் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறும் அபாயம் உண்டு. அந்த அபாயத்தைச் சுமந்தவர்கள் தினக்கூலிகளும் குடிசைவாசிகளுமே.

பொதுச் சுகாதாரத்தில் ‘டிஜிட்டல் புரட்சி’ என்று பறைசாற்றப்படும் ஏற்பாட்டின் உள்முரண்பாடு இந்த ஒரு நிகழ்விலேயே தெளிவாகத் தெரிகிறது. தரவு கீழிருந்து மேலே போகிறது. முடிவும் நிதியும் மருந்தும் அதே வேகத்தில் கீழே வருவதில்லை.

இடதுசாரிகள் கணினிக்கோ நவீன அறிவியலுக்கோ எதிரிகள் அல்லர். பொதுச் சுகாதாரத்தின் அடித்தளமே முறையான தரவுதான். 1994இல் சூரத் நகரில் பிளேக் பரவியதாகச் செய்தி வந்தபோது லட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓடினர். எங்கே எத்தனை பேருக்கு என்ன நோய் என்பதை உறுதியாகச் சொல்லக்கூடிய கண்காணிப்பு அமைப்பு அன்று நாட்டில் இல்லை. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகளைத் துணை சுகாதார நிலையத்தின் ஊழியர் ‘எஸ்’ படிவத்தில் எழுதுவார். மருத்துவர் தமது கணிப்பை ‘பி’ படிவத்திலும், ஆய்வகம் உறுதி செய்யப்பட்ட முடிவை ‘எல்’ படிவத்திலும் எழுதும். வாரம் ஒருமுறை இப்படிவங்கள் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்குச் செல்லும்.

எளிய, அறிவார்ந்த ஏற்பாடுதான். ஆனால் தாளில் எழுதி, வாரக் கணக்கில் சேர்த்து, மாவட்டத்தில் மறுபடியும் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் கிராமத்தில் வயிற்றுப்போக்கு கிணற்றிலிருந்து கிணற்றுக்குப் பரவிவிடக்கூடும். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் இந்தக் குறையைக் களைய முற்பட்டது. வாராந்திரத் தாள் போய் அன்றாடப் பதிவு வந்தது. கண்காணிக்கப்படும் நோய்களின் எண்ணிக்கை 18இலிருந்து 33ஆக உயர்ந்தது. கிராமவாரியாக நோயாளிகளை வரைபடத்தில் காணவும் முடிகிறது. இது முன்னேற்றமே, இதை மறுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் களத்துக்கு ஓடப்போவது யார்? மாவட்டக் கண்காணிப்புப் பிரிவின் தொற்றுநோயியல் நிபுணர், நுண்ணுயிரியலாளர், தரவு மேலாளர் ஆகிய பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த முறையிலானவை. பல மாவட்டங்களில் நிரப்பப்படாதவை. ஒன்றிய அரசே வெளியிட்ட 2021-22 ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரத்தின்படி, சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. குடிநீர் மாதிரியைப் பரிசோதிக்க அருகில் ஆய்வகம் இல்லாத வட்டாரத்தில், வயிற்றுப்போக்கு நோயாளிகளைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி திரையில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் கண்டறியப்பட்ட விதம் இங்கே நினைவுகூரத் தக்கது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் ஏற்பட்டதைக் கவனித்த மருத்துவர்கள் சந்தேகம் கொண்டு மாதிரிகளை அனுப்பினர். மணிப்பால் ஆய்வகமும் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனமும் நோயை உறுதி செய்தன. அதன் பிறகு தொடர்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் சுகாதார ஊழியர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் ஆவர். நோயாளியைப் பராமரித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி உயிரிழந்தார். நோயைப் பிடித்தது விழிப்பான மருத்துவரின் ஐயம். தடுத்தது வலுவான பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு. கணினி இவ்விரண்டுக்கும் துணை நிற்கலாம், மாற்றாக முடியாது.

கைப்பேசி ஏந்திய கொத்தடிமைகள்

இந்தத் தரவு மாளிகையின் அடித்தளக் கற்கள் ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா ஊழியர்களும், துணை சுகாதார நிலையச் செவிலியர்களும், அங்கன்வாடி ஊழியர்களும் ஆவர். ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்பது விதி. கர்ப்பிணிகள், பிறப்பு, தடுப்பூசி, காசநோய், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு செயலி அல்லது இணையதளம். ஒன்றில் பதிந்தது இன்னொன்றில் தானாக வந்து சேர்வதில்லை. செயலி வந்தபின் பதிவேடு ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பகலில் வீடு வீடாகச் சென்று பதிவேட்டில் எழுதுவது, இரவில் அதையே கைப்பேசியில் ஏற்றுவது என்ற இரட்டைச் சுமைதான் மிச்சம். நவீனமயம் வேலையைக் குறைக்கும் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களின் நம்பிக்கை. களத்தில் அது ஊதியமில்லாத கூடுதல் வேலைநேரம்.

உண்மையில் ‘ஊதியம்’ என்ற சொல்லே இவர்களுக்கு மறுக்கப்பட்டுள்ளது. திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இல் பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் அமர்ந்து எடுத்த முடிவு அது. பத்தாண்டுகள் கடந்தும் ஆஷாக்கள் ‘தன்னார்வலர்கள்’தான், அவர்கள் பெறுவது ‘ஊக்கத்தொகை’தான். தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டே அவரது ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கும் விந்தையும் இங்கே நடக்கிறது. ஹரியானாவில் 2021இல் ஆஷா ஊழியர்களின் கைப்பேசியில் ஒரு கண்காணிப்புச் செயலியைப் பதிவேற்ற அரசு முனைந்தது. இருப்பிடத்தைக் காட்டவும், கைப்பேசியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தவும் வல்ல அந்தச் செயலியை எதிர்த்து அவர்கள் சங்கமாகத் திரண்டு போராடினர். வேலையையும் வீட்டையும் ஒரே கைப்பேசியில் சுமக்கும் பெண்களின் அந்தரங்கத்தை அரசு இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள நினைத்தது தற்செயலானது அல்ல. கண்காணிக்கப்பட்டவர்கள் மருத்துவ அதிகாரிகள் அல்லர், ஆஷாக்கள் மட்டுமே.

அதே ஆண்டில் மகாராஷ்டிராவின் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுக்கும் இயக்கம் நடத்தினர். நினைவகம் போதாத, அடிக்கடி சூடேறி நின்றுபோகும் கருவிகள் அவை. ‘போஷன் டிராக்கர்’ செயலியோ ஆங்கிலத்தில் இருந்தது. மராத்தியில் மட்டுமே படித்த பெண்ணிடம் ஆங்கிலச் செயலியைக் கொடுத்து, பதிவு செய்யாவிட்டால் மதிப்பூதியம் இல்லை என்பது என்ன நியாயம்? இப்போது அதே செயலியில் முக அடையாளச் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டுள்ளது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 2025 ஜூலை முதல் கைப்பேசிக் கேமராவின் முன் நிற்க வேண்டும். ஆதார் படத்தோடு முகம் பொருந்தவில்லை என்றாலோ, அலைவரிசை கிடைக்கவில்லை என்றாலோ சத்துமாவு இல்லை. தாயின் கோபத்தை எதிர்கொள்பவர் செயலியை வடிவமைத்தவர் அல்ல, அதே தெருவில் வாழும் அங்கன்வாடி ஊழியர்தான்.

இத்தகைய நிர்ப்பந்தத்தில் பிறக்கும் தரவின் தரம் எப்படி இருக்கும் என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அம்பலப்படுத்தினார். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததை அவரது 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அந்த எண் பத்து ஒன்பதுகள்! இலக்கை எட்டு, கட்டத்தை நிரப்பு, பச்சை நிறம் காட்டு என்று மேலிருந்து விரட்டினால், கீழே இருப்பவர் கட்டத்தை நிரப்பத்தான் செய்வார்.

எண்ணப்படாத மரணங்கள்

தொழில்நுட்பம் எவ்வளவு நவீனமானாலும், உண்மையை எதிர்கொள்ளும் அரசியல் உறுதி இல்லாத இடத்தில் தரவு மூடி மறைக்கப்படும். கொரோனாவின் முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த மரணங்கள் 47 லட்சம் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அரசின் கணக்கு 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அந்த மதிப்பீட்டை ஏற்க மறுத்த ஒன்றிய அரசு, தனது சொந்தப் பிறப்பு-இறப்புப் பதிவுகளை உரிய காலத்தில் வெளியிட்டு மறுத்திருக்கலாம். 2021ஆம் ஆண்டுக்கான இறப்புப் பதிவு விவரம் 2025 மே மாதம்தான் வெளிவந்தது. 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான மரணங்கள், 2021இல் 1 கோடியே 2 லட்சமாகப் பாய்ந்திருந்தன. கங்கையில் மிதந்த உடல்களை நாடே பார்த்த ஆண்டு அது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. பதிவாகும் மரணங்களில் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்படுபவை 2021இல் 23.4 விழுக்காடு மட்டுமே. நான்கில் மூன்று பேர் எதனால் இறந்தனர் என்பது மருத்துவச் சான்றோடு பதிவாவதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நோய்களை முன்கூட்டியே கணிப்போம் என்று பேசுவோர், முதலில் ஒரு மனிதர் எதனால் இறந்தார் என்பதை எழுதிவைக்கும் ஏற்பாட்டைச் செய்யட்டும். அதற்குத் தேவை கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவர்.

தரவைத் திரட்டும் அடிப்படைக் கடமைகள் ஒருபுறம் கைவிடப்படுகின்றன. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளப்பட்டது. எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்ற கணக்கின் அடிப்படையே பழைய எண்களின் ஊகமாகிவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களிடையே ரத்தசோகை 53 விழுக்காட்டிலிருந்து 57 ஆக உயர்ந்திருப்பது தெரியவந்தது. அடுத்த சுற்றில் ரத்தசோகைப் பரிசோதனையே நீக்கப்பட்டது; வேறு ஆய்வில் வேறு முறையில் அளப்போம் என்று விளக்கம் தரப்பட்டது. மறுபுறம், 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டம், பதிவுகளைத் தேசியத் தரவுத்தளமாக்கி மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் பகிர வழிசெய்கிறது. குழந்தை இறப்பைக் குறைக்க வேண்டிய பதிவேடு, குடியுரிமையைச் சோதிக்கும் கருவியாக மாறும் என்ற அச்சம் சிறுபான்மையினரிடமும் ஏழைகளிடமும் எழுந்தால் அவர்கள் பதிவதற்கே தயங்குவார்கள். அதன் சேதம் பொதுச் சுகாதாரத்துக்குத்தான்.

சந்தைக்குத் திறக்கும் கதவு

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்த டிஜிட்டல் சுகாதார இயக்கம், 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ‘ஆபா’ என்னும் 14 இலக்க எண் இதுவரை 70 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உருவாக்கப்பட்டுள்ளது. விருப்பத்தின் பேரில்தான் என்கிறது அரசு. தடுப்பூசிக்காக ஆதார் அட்டையை நீட்டிய பலருக்கு, அவர்கள் அறியாமலேயே இந்த எண் உருவாக்கப்பட்டதை 2021இல் ஊடகங்கள் வெளிக்கொணர்ந்தன. சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கையின் வரைவு பெருந்தொற்றின் நடுவே வெளியிடப்பட்டபோது, கருத்துச் சொல்ல முதலில் தரப்பட்ட அவகாசம் ஏறத்தாழ ஒரு வாரம். எதிர்ப்புக்குப் பிறகே அது நீட்டிக்கப்பட்டது. சாதி, மத நம்பிக்கை, அரசியல் சார்பு, பாலியல் வாழ்க்கை ஆகியவையும் அந்த வரைவின் ‘உணர்வுநுட்பமான தரவு’ வரையறைக்குள் இருந்தன. ஒரு நோயாளியின் அரசியல் சார்பு மருத்துவத்துக்கு எதற்கு என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை.

இந்த இயக்கத்தின் கீழ், மின்னணு மருத்துவப் பதிவுகளை உருவாக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை தரும் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. ஆஷாவுக்கும் ஊக்கத்தொகை, மென்பொருள் நிறுவனத்துக்கும் ஊக்கத்தொகை! சொல் ஒன்றுதான். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் மக்களின் நோய் விவரம் பொன் விளையும் பூமி. அதை யார் உழுவது, யார் அறுவடை செய்வது என்பதே இங்குள்ள வர்க்கப் பிரச்சனை.

தனியார் துறையிடமிருந்து பொதுச் சுகாதாரத்துக்கு உண்மையில் தேவைப்படும் தரவு மட்டும் வருவதில்லை. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நோயுற்றோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் தனியாரிடம் சென்றவர்கள். அவர்களின் டெங்குவும் டைபாய்டும் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கு முழுமையாகத் தெரிய வருவதில்லை. காசநோயைத் தனியார் மருத்துவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2012இல் ஆணையிட வேண்டியிருந்தது. ஆஷாவைப் பின்தொடரச் செயலி கண்டுபிடித்த அரசுகள், கார்ப்பரேட் மருத்துவமனையிடம் ஒரு வாராந்திரப் படிவத்தைக் கறாராகக் கேட்டு வாங்கும் துணிவைக் காட்டுவதில்லை.

திரட்டிய தரவுக்குப் பாதுகாப்பாவது உண்டா? 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி வலைப்பின்னல் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் புறநோயாளிப் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை கையால் எழுதி நடத்த நேர்ந்தது. 2023 ஜூனில் ‘கோவின்’ தளத்தில் பதிந்தோரின் விவரங்கள் டெலிகிராம் வழியே யாரும் எடுக்கும் வகையில் கசிந்தன. அதே ஆண்டு நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டித் தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்கியது. அத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு ஒன்றையும் நலியச் செய்தது. மக்களைப் பற்றி அரசு எல்லாம் அறியலாம், அரசைப் பற்றி மக்கள் அறியக் கூடாது என்பதே இதன் சாரம்.

மாற்று இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, 1990களின் நடுவில், கேப்டவுன் பகுதியின் பொதுச் சுகாதார ஆர்வலர்களும் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சுகாதாரத் தகவல் மென்பொருளை உருவாக்கினர். கருப்பின மக்களின் குடியிருப்பில் உள்ள சிறு மருத்துவ நிலையமும் தனது தரவைத் தானே பார்த்து, தானே திட்டமிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டற்ற மென்பொருளாக வளர்ந்த அது இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது. கேரளம் உள்ளிட்ட இந்திய மாநிலங்களிலும் பயன்பாட்டுக்கு வந்தது. தரவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே முதலில் பயன்பட வேண்டும் என்ற கோட்பாடு நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அல்ல.

நமது அரசமைப்புச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. பதினோராவது, பன்னிரண்டாவது அட்டவணைகள் அதை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பணியாகக் குறிப்பிடுகின்றன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் போது கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராம ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நிபாவையும் கொரோனாவையும் எதிர்கொண்டபோது அந்த அதிகாரப் பரவலின் வலிமை தெரிந்தது. தில்லியில் இயங்கும் ஒற்றைத் தளத்துக்கு எல்லா மாவட்டங்களும் தரவு அளக்க, தமது தரவையே பார்க்க அனுமதி கோரி நிற்கும் நிலை இதற்கு நேர் எதிரானது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒரு முறை பதிந்த தகவலை மறுமுறை கேட்காத வகையில் செயலிகள் ஒன்றிணைக்கப்பட வேண்டும். செயலி வந்த இடத்தில் பதிவேடு நிறுத்தப்பட வேண்டும். அவை அந்தந்த மாநில மொழியில், அலைவரிசை இல்லாத இடத்திலும் இயங்க வேண்டும். கருவியும் இணையக் கட்டணமும் அரசின் பொறுப்பு. உணவுக்கும் மருந்துக்கும் முகச் சரிபார்ப்பு, ஆதார் எதுவும் நிபந்தனையாகக் கூடாது. மாவட்டக் கண்காணிப்புப் பிரிவின் பணியிடங்கள் நிரந்தரமாக்கப்பட்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பொதுச் சுகாதார ஆய்வகம் முழுமையாக இயங்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் நோய்த் தகவல் தராவிட்டால் உரிமம் கேள்விக்குள்ளாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் நிதி வேண்டும். 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த வாக்குறுதி காற்றில் விடப்பட்டது.

தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்தே ஒவ்வொரு கிராமத்துக்கும் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக்கான குழு என்ற ஓர் அமைப்பு தாளில் உண்டு. ஆஷாவும் அங்கன்வாடி ஊழியரும் ஊராட்சி உறுப்பினர்களும் அதில் அமர்கிறார்கள். அந்தக் கிராமத்தில் அந்த மாதம் எத்தனை காய்ச்சல், எத்தனை குறைப்பிரசவம், யாருக்கு மருந்து கிடைக்கவில்லை, துணை சுகாதார நிலையத்தில் என்ன இருப்பு என்ற விவரம், ஆட்களின் பெயர் நீக்கப்பட்டு, அவர்களின் மொழியில் அச்சாகி மாதந்தோறும் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே மேலே அனுப்பிய தரவைத் திருப்பிக் கேட்பதுதான் அது. திட்ட ஊழியர் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர் அமைப்புகளும், இடதுசாரி ஊராட்சிப் பிரதிநிதிகளும் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே அதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம்.